வயிற்றுக்குள் கேமரா, அலிபிரியில் அமர்க்களம்

எண்டோஸ்கோப்பி ரூமில் வேலை பார்ப்பவர்களிடம், சாப்பாட்டு நேரத்தில் "இன்னிக்கு வேலையில என்ன விசேஷம்?" என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். என் மகன் ஒரே ஒரு தடவை கேட்டான். நான் சொல்லி முடிப்பதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவன், இப்போது தன் பெண்டாட்டிக்கும் அந்த எச்சரிக்கையைச் சொல்லி வைத்திருக்கிறான். சித்தூரில் கட்டிக் கொடுத்த மகள் போன் செய்தால், "அம்மா, ஆஸ்பத்திரிய விட்டுட்டு மத்ததெல்லாம் சொல்லு" என்றுதான் ஆரம்பிப்பாள்.

நான் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயம்மா. நோயாளிக்கு உடுப்பு மாற்றிவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பயந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா அமுக்கச் சொன்ன இடத்தில் வயிற்றை அமுக்கிப் பிடிப்பது என் வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. தமிழ்நாட்டு எல்லையோரம் பிச்சாட்டூர்ப் பக்கம் பிறந்ததால் தமிழும் தெலுங்கும் எனக்கு ரெண்டு கை மாதிரி. அதனால் தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

உடம்பு படுத்தி எடுக்கும்போது, "ஒன்றுமில்லை" என்று எழுதின ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் முழித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆட்கள்தான். வேதவல்லிக்கு நடந்ததை உங்களுக்காகவே எழுதுகிறேன்.

செவப்பான பெண்டாட்டி

நாகலாபுரத்திலிருந்து வேதவல்லி வந்தபோது அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவர் அவள் வீட்டுக்காரர் கன்னியப்பன். நிலக்கடலை போடுகிற விவசாயி. அவளுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. கட்டிலில் ஏறுவதற்குள் மாடி ஏறினவள் மாதிரி மூச்சு வாங்கினாள். டாக்டரம்மா கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதமாக இருந்தது. சித்தூரில் ஏற்கெனவே ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றினால் கொஞ்ச நாள் எழுந்து சமைப்பாளாம். அப்புறம் மறுபடியும் படுக்கை.

"ஏத்தின ரத்தம் எங்கேயோ கசிஞ்சு போயிக்கிட்டே இருக்கு. அது எங்கேன்னு பிடிக்கலேன்னா, ஒருநாள் நாம ஏத்தற வேகத்தைவிட இறங்கற வேகம் ஜாஸ்தியாயிடும்" என்றார் டாக்டரம்மா. நான் அதைத் தமிழில் மெதுவாக, பயமுறுத்தாமல் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் பயம் பயம்தானே. வேதவல்லி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு வெளுக்கிற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டரம்மா கன்னியப்பனைக் கேட்க, அந்த மனுஷன் தலையைச் சொறிந்தார்.

"கல்யாணத்தப்ப இவ மாநிறம் மேடம். கொஞ்ச நாளா செவப்பாயிக்கினே வந்தா. ஊர்ப் பொம்பளைங்கல்லாம் என்ன சோப்பு போடறன்னு இவள கேட்டாங்க. நானும் சந்தோஷமா இருந்துட்டேன்!"

பெண் பார்க்க வந்தவர்களும் கேட்காத கேள்வி

எங்கள் ரூமில் முதலில் கேட்கிற கேள்வி, வெளிக்கிப் போவது என்ன நிறம் என்பதுதான். அதற்கு மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். விட்டத்தைப் பார்ப்பார்கள், முந்தானையைத் திருகுவார்கள். வேதவல்லி, வீட்டுக்காரர் வெளியே போகும்வரை வாயே திறக்கவில்லை. நான் திரையை இழுத்துவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தேன். "கறுப்புதான் அக்கா. ரத்தம் ஊற மாத்திர குடுத்தாங்களே, அது துன்னா கறுப்பாதான் போவுமாம்" என்றாள்.

அதுவும் உண்மைதான். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கறுக்கும். ஆனால் வயிற்றின் மேல்பக்கமோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். அது ரோடு போடுகிற தார் மாதிரி ஒட்டும், கெட்ட நாற்றம் அடிக்கும். டாக்டரம்மா மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தின்ற மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார், அது ரத்தக் கசிவைக் கூட்டும் என்று. அடுத்த தடவை வந்தபோது நான் விடாமல் கேட்டேன். ஒட்டுதா? தண்ணி ஊத்தினா போவுதா? நாத்தம் எப்படி? மாத்திரையை நிறுத்தியும் அதே தார்தான். அப்போதே தெரிந்துவிட்டது, உள்ளே எங்கேயோ ஓடுகிறது என்று. வேதவல்லிக்குத்தான் என்மேல் கோபம்.

"என்ன பொண்ணு பாக்க வந்தப்ப கூட இத்தன கேள்வி கேக்கல அக்கா!"

திருப்பி வாங்கிய லட்டு

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண் இல்லை. இன்னொரு நாள் கீழ்ப்பக்கமாக விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி இல்லை, மூலமும் இல்லை. ரெண்டும் நார்மல். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மலையிலிருந்து இறங்கின யாரோ சொந்தக்காரரிடம் லட்டு வாங்கி வந்து எங்கள் ரூம் சிஸ்டர் சிரீஷாவுக்கு, எனக்கு, டாக்டரம்மாவுக்கு என்று பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். பிரசாதமாயிற்றே, நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நார்மல்னா சந்தோஷப்படாதீங்க. ரத்தம் இன்னும் போயிக்கிட்டுத்தான் இருக்கு. மேல இருந்து ஒரு குழாய், கீழ இருந்து ஒரு குழாய். நடுவுல சிறுகுடல் எவ்வளவு நீளம் தெரியுமா? புத்தூர்ல நின்னு ஒருத்தர் பாக்கறார், சித்தூர்ல நின்னு ஒருத்தர் பாக்கறார். நடுவுல இருக்கற ரோட்டை யார் பாத்தா?" கன்னியப்பனுக்கு அந்த ரோடு தெரியும். முகம் தொங்கிப் போய்விட்டது. டாக்டரம்மா முன்னால் கையை நீட்டினார்.

"அப்ப லட்ட இப்படி குடுங்க மேடம். கண்டுபிடிச்சப்புறம் துன்னலாம்."

துணைக்குக் குடித்தவர்

நடுவில் இருக்கிற ரோட்டைப் பார்க்க ஒரு கேமரா மாத்திரை உண்டு. விழுங்கினால் போதும், அதுவே உள்ளே படம் எடுத்துக்கொண்டே போகும். அதற்குக் குடல் சுத்தமாக இருக்க வேண்டும். பேதிக்கு உப்புக் கரைசல் கலந்து கொடுப்போம். அதைக் குடித்தவர்கள் யாரும் எங்களை மறந்ததில்லை. நீங்கள் குடித்திருந்தால் இந்நேரம் முகத்தைச் சுளித்திருப்பீர்கள்.

வேதவல்லி முதல் டம்ளரிலேயே குமட்டினாள். கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. நான் தரை துடைக்கிற மாப் எடுக்கப் போன சமயம் பார்த்து, "நீ ஒரு டம்ளர், நான் ஒரு டம்ளர், தைரியமா குடி" என்று அவரும் ஊற்றிக் குடித்துவிட்டார். பாசத்துக்கு வயிறு இரக்கம் காட்டுமா? வார்டில் இருப்பது ஒரே பாத்ரூம். உள்ளே வேதவல்லி, வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு கன்னியப்பன். சிரீஷா சிரிப்பை அடக்க மாட்டாமல் ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டாள். அவர் குடித்ததில் குறைந்த அளவுக்கு நான் மறுபடி கலந்துகொண்டு வந்து, அவர் கண்ணெதிரே அவளைக் குடிக்க வைத்தேன். உள்ளேயிருந்து வேதவல்லியின் குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கொஞ்சம் தெம்பாகக் கேட்டது.

"இந்த முப்பது வருஷத்துல ஒரு நாள் கூட சேந்து காப்பி குடிக்காத மனுஷன், இதுக்கு மட்டும் பங்குக்கு வந்துட்டாரு பாரு!"

மலையைப் பார்த்து விழுங்கியது

மறுநாள் காலையில் சிரீஷா அவள் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டினாள். அதிலிருந்து வயர் போய் ஒரு சின்னப் பெட்டியில் சேரும். மாத்திரை எடுக்கிற படமெல்லாம் அந்தப் பெட்டியில் வந்து விழும். பெட்டியில் ஒரு விளக்கு மினுக்கும். மாத்திரையும் மினுக்கும். வேதவல்லி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்த திருப்பிக் குடுக்கணுமா?" என்று பயத்தோடு கேட்டாள். வேண்டாம், அது தானாக வெளியே போய்விடும் என்று சொன்ன பிறகுதான் நிம்மதி.

எங்கள் ஜன்னலில் மலை தெரியும். அவள் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னாள். நானும் கை கூப்பிக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்கு இன்றைக்காவது தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கசிவு ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் நின்றுவிடும். மாத்திரை தாண்டும்போது நின்றிருந்தால் கண்ணில் படாமலே போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வேதவல்லி கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரோடு விழுங்கினாள். பெரிய குரலில்லை, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

"வெங்கடேசா, ஊரையெல்லாம் பாக்கற. எனக்குள்ளயும் ஒரு தடவ பாத்துட்டுப் போப்பா."

வயர் கட்டிய பக்தை

"படுத்தே இருக்காதீங்க, அப்பப்ப கொஞ்சம் நடங்க" என்று சிரீஷா சொல்லியிருந்தாள். எல்லோருக்கும் சொல்கிறதுதான். மற்றவர்கள் வராந்தாவில் நடப்பார்கள். நான் தட்டுகளைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. வராந்தா காலி. கேன்டீனிலும் இல்லை. அதற்குள் சிரீஷா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வேதவல்லியும் கன்னியப்பனும் ஆட்டோ பிடித்து அலிபிரிக்குப் போக, செக்கிங்கில் பிடித்து வைத்திருக்கிறார்களாம்! மலைக்குப் படியேறி நடந்து போகிறவர்களைச் சோதித்து அனுப்புகிற இடத்தில், இடுப்பைச் சுற்றி வயரும் மினுக்கும் விளக்குமாக ஒரு பெண் வந்து நின்றால் வேறென்ன செய்வார்கள்?

டாக்டரம்மா ஒரு நோயாளிக்குக் குழாய் விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே கத்தினார்: "பெல்ட்டைக் கழட்ட விடாதீங்க! கழட்டினா படம் அத்தோட நின்னுடும். அந்தம்மா உடம்புல நிக்கவே ரத்தம் இல்ல, சீக்கிரம் கூட்டிட்டு வாங்க!" நானும் சிரீஷாவும் ஆட்டோவில் பறந்தோம். வழியெல்லாம் எனக்கு கோவிந்தா, கோவிந்தாதான். போய்ப் பார்த்தால் பெரிய கூட்டம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் வேதவல்லி, கையில் மஞ்சள் குங்குமப் பொட்டலம். அவள் முன்னால் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு கன்னியப்பன். எதிரில் செக்யூரிட்டிப் பெண் ஒருத்தி, நல்ல உயரம், கண்டிப்பான முகம். "கேமரா எங்கே?" என்கிறாள். "வயித்துல" என்கிறார் இவர். "வயித்துல யாராவது கேமரா வைப்பாங்களா?" என்று அவள் கேட்க, "நீங்க கம்பத்துல வெச்சிருக்கீங்க, நாங்க வயித்துல வெச்சிருக்கோம், ஆளுக்கொரு எடம்!" என்று இவர் எகிறுகிறார். கூட்டம் சிரிக்கிறது, அவள் சிரிக்கவில்லை. அவளைச் சொல்லவும் முடியாது, அவள் வேலை அது.

சிரீஷா ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் காட்டித் தெலுங்கில் விளக்கினாள். அதுவும் போதவில்லை. கடைசியில் பெட்டியில் இருந்த சின்னத் திரையைத் தட்டிவிட்டு அவளிடம் காட்டினாள். உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு சுரங்கம், மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. செக்யூரிட்டிப் பெண் வாயைப் பிளந்து, "கோவிந்தா!" என்றாள். பின்னால் நின்ற கூட்டமும் எதற்கென்று தெரியாமலே "கோவிந்தா!" போட்டது. அந்தச் சத்தம் அடங்கும் முன்னே ரோஜா நிறம் போய், திரை முழுக்கச் சிவப்பு. பளீரென்ற சிவப்பு. சிரீஷா என் தோளை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது. எனக்கு அது பயமா சந்தோஷமா என்றே தெரியவில்லை. இத்தனை நாளாக ஒளிந்து விளையாடினது, அலிபிரியில் ஊர் பார்க்க வெளியே வந்துவிட்டது! செக்யூரிட்டிப் பெண்ணுக்கும் புரிந்துவிட்டது. கூட்டத்தை அவளே விலக்கினாள், வேதவல்லியின் ஒரு கையை அவளே தூக்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். வேதவல்லி படிப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்க, அவள் பாதித் தமிழில் ஒரு அதட்டல் போட்டாள்.

"சாமி எங்கயும் போகமாட்டாரும்மா, நீ முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ!"

ஆட்டோ விசாரணை

ஆட்டோவில் வேதவல்லி என் தோளில் சாய்ந்துவிட்டாள். கை சில்லென்று இருந்தது, நெற்றியில் வேர்வை. நான் முந்தானையால் விசிறினேன். சிரீஷாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாகத் திட்டித் தீர்த்தாள். படியேறியிருந்தால் நடுவில் மயங்கி விழுந்திருப்பாய், தெரியுமா என்றாள். கன்னியப்பன் ஆட்டோவின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தார். வேதவல்லிதான் கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னாள்.

"நடக்கச் சொன்னீங்க. வராந்தாவுல சும்மா நடக்கறதுக்கு, மொதப் படிக்கு மஞ்சா குங்குமம் வெச்சுட்டு வந்தா புண்ணியமாச்சும் வருமேன்னு போனேன் சிஸ்டர்."

தொரிகிந்தி!

வந்ததும் ரத்தம் ஏற்றினார்கள். பெல்ட்டைக் கழற்றுகிற நேரம் வரும்வரை அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் நானே காவல் இருந்தேன். பெட்டியிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, டாக்டரம்மா ஓட்டிப் பார்த்தார். நானும் சிரீஷாவும் கன்னியப்பனும் பின்னால் நின்றோம். ரோஜா நிறம், ரோஜா நிறம், ரோஜா நிறம். படம் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "தொரிகிந்தி! தொரிகிந்தி!" என்றார். கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று இவ்வளவு பெரிய டாக்டர் குழந்தை மாதிரி கை தட்டினதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரையில், குங்குமம் ஒரு சொட்டு விழுந்து நாலாபக்கமும் மெல்லிய கால் விட்ட மாதிரி ஒரு புள்ளி. அடுத்த படத்தில் அதிலிருந்து ரத்தம் வழிகிறது. "புத்துநோய் இல்ல, புண்ணும் இல்ல" என்று டாக்டரம்மா விளக்கினார். குடல் சுவரில் இருக்கிற ரத்தக் குழாய் சில பேருக்கு வயசாக ஆக விரிந்து கோணிக்கொள்ளுமாம். அதன் சுவர் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாம். கசியும், தானாக நிற்கும், மறுபடி கசியும். நாம் தேடிப் போகிற நேரம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். கன்னியப்பன் திரைக்கு அருகே போய் விரலால் அளந்து பார்த்தார்.

"என் வேதாவ படுக்கப் போட்டது இத்தினூண்டு செவப்பா மேடம்?"

பாவாடை நாடாவும் பலூன் குழாயும்

இடம் தெரிந்துவிட்டது, ஆனால் போய்ச் சேர வேண்டுமே. அதற்கு வேறு நீளக் குழாய் உண்டு. நுனியில் பலூன் வைத்தது. பலூனை ஊதிப் பிடித்துக்கொண்டு, குடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்மேல் சுருக்கிக்கொண்டே முன்னால் போவார்கள். பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது ஊக்கைத் தள்ளத் தள்ளத் துணி பின்னால் சுருங்கி வருமே, சரியாக அந்த வேலைதான். வேதவல்லிக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழாய் போனது, போனது. கேமரா மாத்திரை காட்டின இடம் இதுதான் என்று டாக்டரம்மா சொன்ன இடத்தில் ஒன்றுமே இல்லை! முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். மடிப்பு மடிப்பாகக் குடல், சுத்தமான ரோஜா நிறம். மயக்க மருந்து டாக்டர், "பிரஷர் கொஞ்சம் இறங்குது மேடம்" என்றார். "ஆயம்மா, இடது பக்கம், இன்னும் மேல, அப்படியே அமுக்கு" என்றார் டாக்டரம்மா. அமுக்கினேன். ஒரு மடிப்பு மெல்ல விரிந்தது. அதன் இடுக்கில், குங்குமப் பொட்டு! குழாய் லேசாக உரசினதுமே அது வழிய ஆரம்பித்தது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஆர்கான் என்கிற வாயு வழியாகச் சூடு விட்டார்கள். 'உஸ்'ஸென்று ஒரு சத்தம், நீல நிறத்தில் ஒரு மின்னல். குடல் சுவர் மெல்லிசு, கொஞ்சம் ஜாஸ்தி சுட்டால் ஓட்டையாகிவிடுமாம். தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டுச் சுட்டார். சிவப்பு வெளுத்து, ஓரம் பழுப்பாகி, அடங்கியது. பக்கத்தில் ஒளிந்திருந்த இன்னொரு குட்டிப் புள்ளியையும் சுட்டார். கழுவிவிட்டுக் காத்திருந்து பார்த்தோம். சொட்டுக்கூட இல்லை. பிரஷரும் ஏறிவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டரம்மா வெளியே போனதும், கதவோரம் காத்திருந்த கன்னியப்பன் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வெல்டிங் பிடிச்சுக்கிச்சா மேடம்?"

காலையில் வந்த சேதி

அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். இந்த மாதிரி ரத்தக் குழாய்க் கோளாறு இருப்பவர்களுக்கு இதய வால்வு, கிட்னி இரண்டையும் பார்க்க வேண்டுமாம். பார்த்தார்கள், ரெண்டும் சரியாக இருந்தது. மூட்டு வலிக்குத் தானாக மாத்திரை வாங்கக் கூடாது. சுட்ட இடம் ஆறினாலும், வேறு இடத்தில் இதே மாதிரி வரலாம். அதனால் ரத்த டெஸ்ட்டை விடக் கூடாது. இரும்புச் சத்தை மாத்திரையாகக் கொடுக்காமல் பாட்டில் வைத்து நரம்பில் ஏற்றினார்கள், நிறம் குழப்பக் கூடாது என்று. "தார் மாதிரி போனா அன்னிக்கே வரணும். நிறம் மாறினா சொல்லி அனுப்புங்க" என்றார். வேதவல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் போனே வரவில்லை. நானாகக் கேட்கவும் பயம். காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் என் பிள்ளைகள் பெயருக்குப் பின்னால் அவள் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். ஒருநாள் நான் கற்பூரத் தட்டைக் கையில் எடுத்த நேரம் போன் அடித்தது. வேதவல்லி! பின்னால் குடங்கள் மோதுகிற சத்தம், பெண்கள் பேசுகிற சத்தம். தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறாளாம், அவளே குடம் எடுத்து வந்தாளாம். "அக்கா, மஞ்சாவா போவுது அக்கா! கறுப்பே இல்ல!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். டெஸ்ட்டிலும் ரத்தம் ஏறியிருக்கிறதாம். நான் "கோவிந்தா" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டார் கன்னியப்பன்.

"ஆயம்மா, இவ சந்தோஷத்துல எதனா சொல்றாளோன்னு நானும் போய்ப் பாத்தேன். சாமி சத்தியமா மஞ்சாதான்!"

பூஜையை நடுவில் நிறுத்தி, இப்படியொரு சேதிக்காகச் சாமிக்கு இன்னொரு கற்பூரம் ஏற்றுகிற வேலை, எங்கள் ரூம் வேலையைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இருக்காது.